ஒரே கட்டத்துக் கணக்கு

ஜனவரி 9

அண்ணா,

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பதில்களைத் தன் பெயருக்கு வாங்கித் தர நூலகர் அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். "லவ் லெட்டரா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் மாட்டிக்க முடியாது" என்றார். எங்கள் அண்ணன் என்றேன். "எல்லாரும் முதல்ல அண்ணன்னுதான் சொல்வாங்க" என்றார். உன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தால் நம்பிவிடுவார். அந்தக் கையெழுத்தில் யாராலும் காதலிக்க முடியாது.

என்னிடம் இப்போது போன் இல்லை. நாம் அனுப்பிக்கொண்டதை எல்லாம் அம்மாவின் வக்கீல் தாளில் அச்சடித்து நீதிமன்றத்தில் கொடுத்தார் இல்லையா, அன்றே போனை அலமாரியில் வைத்துவிட்டேன். "பேசாம இங்க வந்துடு" என்று நீ எழுதிய வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தது. மகனைத் தூண்டிலாக வைத்துத் தகப்பன் மகளை இழுக்கிறான் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. பதிலுக்கு அப்பாவின் வக்கீலும் என் வரிகளைத் தேடிப் பிடித்து அதே மாதிரி மை பூசினார். என் எழுத்துப்பிழைகளும் அப்படியே அச்சாகியிருந்தன. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வெட்கம் வந்தது. மற்றதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது.

அதனால் கடிதம். கடிதமும் ஒரு நாள் யார் கையிலாவது கிடைக்கலாம். ஆகவே வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். "வா" என்ற சொல்லே வேண்டாம். சதுரங்கத்தைப் பற்றி மட்டும் எழுதுவோம். சம்மதமா?

நம் சோம்பேறி எப்படி இருக்கிறது? நீயும் அப்பாவும் அந்த ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோமே, என்னுடையதைப் பள்ளி லேபில் போட்டிருக்கிறேன். உலகத்திலேயே மெதுவாகச் சதுரங்கம் ஆடும் கணினி நிரல் நம்முடையதாகத்தான் இருக்கும். ஒரு காயை வெட்டலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். வெட்டும் கணக்கை மட்டும் என்னிடம் விடுகிறாயா?

பூச்சி


ஜனவரி 20

பூச்சி,

சம்மதம். உன் விதிகளுக்கும் சம்மதம். எழுத்துப்பிழையைப் பார்த்து வெட்கப்பட்டது நீ ஒருத்திதான். புத்தகப்பூச்சி என்று சும்மாவா பெயர் வைத்தேன்.

சோம்பேறி ஏன் மெதுவாக இருக்கிறது என்றால், நான் அதை ஒழுங்காக எழுதியிருக்கிறேன். ஒரு வெட்டு வந்தால் நிஜமாகவே காயை நகர்த்திப் பார்க்கும். எதிராளி திருப்பி வெட்டினால் அதையும் நகர்த்தும். முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கும். நேரம் ஆகத்தான் செய்யும். உனக்கு வேறு வழி தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தண்ணீர் குடி.

பிப்ரவரி கடைசியில் இங்கே பள்ளிகளுக்கிடையே நிரல் போட்டி. மனிதர்கள் ஆடக் கூடாது, நிரல்கள்தான் ஆடும். ஓர் ஆட்டத்துக்கு நிரலுக்குப் பத்து நிமிடம். இப்போது இருக்கும் வேகத்தில் நம் ஆள் பன்னிரண்டாவது நகர்த்தலில் தூங்கிவிடுவான்.

நீ எழுதி அனுப்பினால் நான் இங்கே தட்டச்சு செய்கிறேன். அடைப்புக்குறிகளைத் தெளிவாகப் போடு. உன் முற்றுப்புள்ளி கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இங்கே எல்லாம் அப்படியே. அப்பா லிப்ட் ரிப்பேருக்குப் போகிறார், வருகிறார். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சண்டை இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். இது வழக்கில் சேராது என்று நினைக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

வேறு வழி தெரியும்! நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. கடைசியாக அதை யாரோ கடனாக வாங்கியபோது நான் பிறக்கவே இல்லை.

ஒரு காயையும் நகர்த்தத் தேவையில்லை. எந்தக் கட்டத்தில் வெட்டு நடக்கிறதோ அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை யார் யார் தாக்குகிறார்கள் என்று இரண்டு பக்கமும் வரிசை பிடிக்க வேண்டும். எப்போதும் விலை குறைந்த காயை முதலில் அனுப்ப வேண்டும். சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது. அவ்வளவுதான், பலகையைத் தொடாமலே கூட்டிக் கழித்துவிடலாம்.

எழுதினேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் சோம்பேறி பயந்தாங்கொள்ளியாகிவிட்டது. அதன் மந்திரி எதிராளியின் குதிரையை வெட்டலாம். எதிராளியின் சிப்பாய் அந்த மந்திரியை வெட்டும். மூன்றுக்கு மூன்று, சமம். ஆனால் இது வெட்டவே மாட்டேன் என்றது. ஏன் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். சிப்பாய் மந்திரியை வெட்டிய பிறகு, நம் ராணி போய் அந்தச் சிப்பாயை வெட்டும், அவனுடைய யானை நம் ராணியை வெட்டும் என்று கடைசி வரைக்கும் கூட்டிவிட்டு, எட்டு நஷ்டம் என்று முடிவு கட்டியிருந்தது. யார் ராணியை அனுப்பச் சொன்னது? பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையே நான் எழுத மறந்திருந்தேன்.

இப்போது கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு படியிலும், மேலே வெட்டுவது லாபமா, இங்கேயே நிறுத்துவது லாபமா என்று அந்தப் பக்கத்துக்காரன் கேட்டுக்கொள்ள வேண்டும். தாள்களை இணைத்திருக்கிறேன். முற்றுப்புள்ளிகளைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

அம்மா மருந்துக்கடையில் இப்போது மாலை நேரத்துக்கு மாறிவிட்டாள். நான் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்புகிறாள். வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். "தட்டு மூடி வச்சிருக்கேன்" என்பாள். நான் சரி என்பேன். உன் அறையில் துணி காயப்போட்டிருக்கிறாள். உன் நாற்காலி ஈரமாக இருக்கிறது.

பூச்சி


பிப்ரவரி 13

பூச்சி,

தட்டச்சு செய்து முடித்தேன். நிறுத்தும் இடம் சரியாக வேலை செய்கிறது. பாராட்டு இவ்வளவுதான், அடுத்தது திட்டு.

ஒரே வரிசையில் நமக்கு இரண்டு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், பின்னால் நிற்கும் யானையை உன் கணக்கு பார்ப்பதே இல்லை. முன்னால் இருப்பது மறைக்கிறது. முன் யானை வெட்டப் போனதும் பின் யானைக்கு வழி திறந்துவிடும். அதை வரிசையில் சேர்க்க வேண்டாமா? இதனால் நேற்று சும்மா கிடைத்த ஒரு குதிரையை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதற்காகப் பலகை முழுக்க மறுபடியும் தேடாதே, பழைய சோம்பேறியாகிவிடும். எந்தக் காய் வெட்டப் போனதோ, அது நின்ற இடத்துக்குப் பின்னால் அந்த ஒரு கோட்டை மட்டும் பார். ஆள் இருந்தால் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. இதைத் திருத்த முடியாது, தெரிந்து வைத்துக்கொள். உன் கணக்கு ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்க்கிறது. மற்ற இடங்களில் எவனும் அசைய மாட்டான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நீ இங்கே வெட்டிக்கொண்டிருக்கும்போது அவன் அங்கே வேறு எதையாவது நகர்த்தினால் உன் கணக்கு மொத்தமும் குப்பை. வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது. பரவாயில்லை, பெரும்பாலும் சரியாகத்தான் வரும்.

என் நாற்காலியில் ஏன் துணி காய்கிறது? கொடி அறுந்துவிட்டதா?

இந்த வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அப்பா டிவி பார்க்கிறார். மற்றதில் நான் டிவியின் சத்தத்தைப் பார்க்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

பின்னால் நிற்கும் யானையைச் சேர்த்துவிட்டேன். மந்திரிக்குப் பின்னால் சாய்வுக் கோட்டில் நிற்கும் ராணியையும் சேர்த்துவிட்டேன். நீ சொன்னபடி ஒரே கோடுதான் பார்க்கிறது. இன்னொரு சுருக்குவழியும் கண்டுபிடித்தேன். விலை குறைந்த காய் விலை கூடியதை வெட்டினால் கணக்கே போட வேண்டாம். சிப்பாய் ராணியை வெட்டுகிறது என்றால் அப்புறம் சிப்பாய்க்கு என்ன ஆனால் என்ன. பாதிக் கணக்குகள் இதிலேயே ஒழிந்துவிட்டன. இனி அதை சோம்பேறி என்று கூப்பிட்டால் அதற்குக் கோபம் வரும்.

கொடி அறுந்துதான் போயிற்று. நான் கட்டினேன், என் முடிச்சு நிற்கவில்லை.

மார்ச் ஏழாம் தேதி நம் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் எல்லோரும் இருப்போம். அதைப் பற்றி எழுதக் கூடாது, எழுதவில்லை. நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். என்ன முடிவு என்று கேட்காதே. அதை எடுத்ததிலிருந்து எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி.

போட்டிக்கு வாழ்த்து. நம் ஆளைச் சாப்பிட வைத்து அனுப்பு.

பூச்சி


மார்ச் 1

பூச்சி,

நான்காவது இடம். பதினாறு நிரல்களில். ஒரு ஆட்டத்தில்கூட நேரம் போதாமல் தோற்கவில்லை. உன் பகுதியைப் பார்த்துவிட்டு நடுவராக வந்த பொறியாளர், "இந்தப் பரிமாற்றக் கணக்கு யார் எழுதினது?" என்றார். தங்கச்சி என்றேன். "எங்க, கூப்பிடு" என்றார். அவள் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறாள் என்றேன். "அப்ப எப்படி சேர்ந்து எழுதுனீங்க?" என்றார். தபாலில் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ எடுத்த முடிவைக் கேட்கவில்லை. நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீயும் கேட்காதே. ஏழாம் தேதிக்கு அப்புறம் தபால் தலை வாங்க வேண்டியிருக்காது.

அந்தக் கொடியைத் தொடாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

விதியை மீறுகிறேன். இனி அதைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது.

நீதிமன்றத்தின் அந்த நீளமான நடைவழியில் நாங்கள் இந்தக் கோடி பெஞ்சில், நீங்கள் அந்தக் கோடி பெஞ்சில். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. உனக்கு மீசை அரும்பியிருந்தது. என்னை முதலில் கூப்பிட்டார்கள். பிள்ளைகளிடம் பேசும் ஆலோசகர் அம்மாவின் அறையில் சின்னக் குழந்தைகளுக்கான பொம்மைகள் இருந்தன. கழுத்து ஒடிந்த ஒட்டகச்சிவிங்கியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"யாரோட இருக்க உனக்கு இஷ்டம்மா?"

"அப்பாவோட."

அவர் பேனா நின்றது. "ஏன்?"

உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பல நாளாகப் பழகியிருந்தேன். சொன்னால் தூண்டில் வேலை செய்கிறது என்று எழுதுவார்கள், அப்புறம் உன்னைப் பார்க்கவே விட மாட்டார்கள். "அங்க ஸ்கூல்ல லேப் பெருசு" என்றேன்.

"வேற காரணம் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

அடுத்து நீ உள்ளே போனாய். வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்கும் புரிந்துவிட்டது, இனி ஒரே வீடு என்று நினைத்துத்தான் சிரித்தேன். நீ எதற்குச் சிரித்தாய் என்று உத்தரவைப் படித்தபோதுதான் தெரிந்தது. மகள் தகப்பனிடம், மகன் தாயிடம், கோடை விடுமுறையிலிருந்து ஒரு வருடத்துக்கு.

ஆலோசகர் அம்மா வெளியே வந்து எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க. ரெண்டு குழந்தைங்களும் இத்தனை நாள் பக்கத்துல இல்லாதவங்களைத் தேடியிருக்காங்க. இயற்கைதானே" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் உனக்கு என்னடி குறை வச்சேன்?" எனக்குப் பதில் தெரியும். பதில் நீ. சொல்லவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து வரும்போது ரயிலில் தலைசுற்றாமல் இருக்க மாத்திரை வாங்கி வந்தாள். அட்டையைப் பையின் பக்கவாட்டில் போட்டாள். "இங்க வச்சிருக்கேன், அப்புறம் தேடாத" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்று காத்திருந்து பார்த்தேன்.

பூச்சி


மார்ச் 19

மக்கு,

ஏண்டி? உன்னை யார் நகரச் சொன்னது?

சரி, அந்தக் கேள்வியை நீயும் கேட்கலாம். கேட்காதே.

நான் என்ன காரணம் சொன்னேன் தெரியுமா? "அப்பா சமையல் ஒத்துக்கல." வாயில் வந்தது அதுதான். அது அப்படியே அறிக்கையில் ஏறிவிட்டது. வக்கீல் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் ஒரு நாள் உப்பைக் குறைக்கிறார், ஒரு நாள் காரத்தைக் குறைக்கிறார், என் முதல் வாய் உள்ளே போகிற வரை கரண்டியோடு நிற்கிறார். "இன்னிக்கு பரவாயில்லையா?" என்கிறார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் போனில் பேசுவார் தெரியுமா, "பயப்படாதீங்க, காத்து வரும், கதவைத் தள்ளாதீங்க" என்று, அதே குரலில் கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

மேல்முறையீடு என்று வக்கீலிடம் போனால் நிஜக் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு வக்கீல்களும் மையை எடுத்துக்கொண்டு வருவார்கள். விடு.

போட்டியில் நாம் தோற்ற ஆட்டம் ஒன்றை நேற்று திரும்பப் பார்த்தேன். உன் கணக்கில் தப்பே இல்லை. என் தேடலிலும் தப்பே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் வேலை செய்திருக்கின்றன. இனிமேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

என் மேசையின் இரண்டாவது இழுப்பறை சிக்கும். தூக்கி இழு.

அண்ணன்


மே 6

அண்ணா,

தூக்கி இழுத்தேன், திறந்தது.

உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் அப்பா ஒருவரே நின்றிருந்தார். உன்னை முந்தின இரவே ஏற்றிவிட்டிருந்தார். நீ போன ரயிலும் நான் வந்த ரயிலும் ஒரே பாதைதான், திசைதான் வேறு. அப்பா என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "கனமா இருக்கு. புத்தகமா?" என்றார். ஆமாம் என்றேன். "லிப்ட் இல்லாத வீடு. லிப்ட்காரன் வீட்டுக்கு மூணு மாடி ஏறணும்" என்றார். சிரிக்கச் சொன்னார் என்று தெரிந்தது. சிரித்தேன்.

லேப் என்று நான் சொன்னதும் அவருக்குத் தெரியும். தினமும் மாலையில், "லேப் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். பள்ளி இன்னும் திறக்கவே இல்லை. போன வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்துவிட்டு, "பெருசுதான்" என்றார். காவலாளி வந்து விரட்டினார்.

வெட்கமாக இருந்தது என்று எழுத நினைத்தேன். அது சரியான சொல் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அவருடைய போனில் உன்னோடு பேசலாம்தான். அவர் நீட்டவும் செய்கிறார். நீட்டிவிட்டு பால்கனிக்குப் போய்விடுகிறார். அவர் அங்கே நிற்கும் முதுகைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவது? அதனால்தான் போன தடவை, "சாப்பிட்டியா?" என்று மூன்று முறை கேட்டேன்.

இன்று மதியம் பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் அன்று கொடுத்த அட்டை என்னிடம் இருந்தது. உண்மையைச் சொன்னேன். ஏதோ தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "அட, அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எப்படிச் சொல்வது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வருடம் முடியும் முன்பே மாற்றலாமாம். ஆனால் அப்பா, அம்மா இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் அடுத்த கோடை வரை இப்படியே.

இருவரும் ஒரே வீட்டில் என்றால் ஒருவரிடம் இரண்டு பேர், இன்னொருவரிடம் யாருமில்லை. எந்த வீடு?

பூச்சி


மே 17

பூச்சி,

உன் அறையில் படுத்திருக்கிறேன். என் அறையில் இன்னும் துணிதான் காய்கிறது. கொடி கட்டிவிட்டேன். ஆனாலும் அம்மா பழக்கத்தில் அங்கேயே கொண்டுபோய்ப் போடுகிறாள்.

சாப்பாட்டுக்காக வந்த பிள்ளை என்று இங்கேயும் தெரிந்திருக்கிறது. மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து என் தட்டைப் பார்க்கிறாள். மாலை நேர வேலையைப் பழையபடி காலைக்கு மாற்றிக்கொண்டாள், ராத்திரிச் சாப்பாட்டைச் சூடாகப் போட வேண்டுமாம். "இதை மட்டும் முன்னாடியே பண்ணியிருந்தா அவ போயிருக்க மாட்டாளோ?" என்று நேற்று சாம்பார்க் கரண்டியிடம் கேட்டாள். என்னிடம் இல்லை, கரண்டியிடம்தான். நான் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

எந்த வீடு என்று கேட்கிறாய். நான் பெரியவன், நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறை கிழித்தேன். ஒரு வீட்டின் பெயரை எழுதினால், இன்னொரு வீட்டில் இருப்பவரை வேண்டாம் என்று எழுதியது போல இருக்கிறது. நீதிமன்றத்தில் எளிதாகச் சொன்னேனே என்றால், அப்போது உன்னை நினைத்துச் சொன்னேன். இப்போது அவர்கள் முகத்தை நினைத்தால் வாய் வரவில்லை.

நாணயம் சுண்டிவிடலாமா?

இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்துவிட்டேன், விடுமுறையிலேயே சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. இரண்டு பாடத்துக்கு வேறு புத்தகம். ஆசிரியர் என்னைப் "புதுசு" என்று கூப்பிடுகிறார். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பள்ளி அது.

அண்ணன்


ஜூன் 4

அண்ணா,

நாணயம் வேண்டாம். தலையோ பூவோ விழுந்தது என்று அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வது?

நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாய். பாதி வருடத்தில் உன்னை இன்னொரு முறை பள்ளி மாற்ற முடியாது. என்னை மாற்றலாம். வேறு எதையும் நான் எடை போடவில்லை. யாரை எனக்கு அதிகம் பிடிக்கும் என்று ஒரு கேள்வி மனதுக்குள் எழுந்தது. அதைத் திறக்காமலே வைத்துவிட்டேன். உனக்கு எழுதும் முன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேற்று சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்பா, நான் அம்மா வீட்டுக்கே போறேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "லேப் சரியில்லையா?"

"லேபுக்காக நான் வரலப்பா. அண்ணனுக்காக வந்தேன். அவன் எனக்காக அங்க போயிட்டான். ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேக்கல."

இப்போது நிறுத்தினார். தட்டில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"அப்ப என் சமையல்?"

"நல்லாதான் இருந்துச்சாம். எப்பவுமே நல்லாதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்கான்."

"ஓ" என்றார். தட்டில் போட்ட கோட்டை விரலாலேயே அழித்தார். அப்புறம், "அவன் இங்கயே இருந்திருந்தா, நீயும் இங்கயே இருந்திருப்பியா?" என்றார்.

"இருந்திருப்பேன். அவன் எங்கயோ அங்கதான்."

"அப்ப என் மேல கோவம் இல்ல."

"இல்லப்பா."

"உங்கம்மா மேலயும் இல்ல."

"இல்ல."

எழுந்து கையைக் கழுவினார். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "வக்கீல்கிட்ட நீ எதுவும் பேசாத. நீ சொன்னா அம்மா தூண்டிவிட்டான்னு அந்தாளு எழுதுவான். நானே சொல்றேன். எனக்கு வேலை நேரம் சரிப்படல, பிள்ளையப் பாத்துக்க முடியலன்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டுடறேன்."

"அது பொய்யாச்சேப்பா?"

"நீங்க ரெண்டு பேரும் சொன்னதை விடச் சின்னப் பொய்தான்."

அப்போது அவருக்குப் போன் வந்தது. ஏதோ மருத்துவமனையில் லிப்ட் நின்றுவிட்டதாம். கருவிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படிக்கட்டில் அவர் போனில் பேசுவது மூன்று மாடிக்கும் கேட்டது. பயப்படாதீங்க, காத்து வரும், கதவைத் தள்ளாதீங்க.

நான் அவருடைய தட்டைக் கழுவி வைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் கன்னத்தில் ஊசியின் மரப்பு விடும்போது முதலில் குறுகுறுவென்று ஒரு வலி வருமே, அது வந்தது.

அம்மா மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நீயே அவளிடம் சொல். கரண்டியிடம் இல்லை, அவளிடம். குறை எதுவும் அவள் வைக்கவில்லை என்பதையும் சொல். நீ அங்கேயே இரு. ஒரு அங்குலம்கூட நகராதே.

அப்பாவுக்குப் போன் செய். சதுரங்கம் பேசாதே, அவருக்குப் புரியாது. லிப்ட் பற்றிக் கேள்.

பூச்சி


ஜூன் 15

பூச்சி,

அம்மாவிடம் சொன்னேன். சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈர நாற்காலி, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "என்னை வேண்டாம்னு போகலையா?" என்றாள். இல்லை என்றேன். "உங்கப்பா எப்படி ஒத்துக்கிட்டார்?" என்றாள். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். பிள்ளையப் பாத்துக்க முடியல என்ற இடத்தில் கையை நீட்டித் தாளை வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தாள். பேனா கேட்டாள். ஒரு வெள்ளைத் தாளில் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நேற்று அப்பாவுக்குப் போன் செய்தேன். ஏதோ கட்டடத்தின் உச்சியில், லிப்டின் மோட்டார் அறையில் இருந்தார். இரைச்சல். "என்ன வேலைப்பா?" என்றேன். "கம்பி மாத்தறேன்" என்றார். "கஷ்டமா?" என்றேன். "கஷ்டம் இல்ல, கனம்" என்றார். "சாப்பிட்டீங்களா?" என்றேன். "உப்பு கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். மோட்டார் ஓடுவதும் நிற்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

அண்ணன்